பழைய பிக்சர் டியூப் டிவியில் டிடி ஃப்ரீ டிஷ்: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

தமிழ்நாட்டு வீடுகளில் பிக்சர் டியூப் டிவிகள் இன்னும் நிறைய இருக்கின்றன. 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இலவசமாகக் கிடைத்த 14 அங்குல வண்ண டிவி, அதற்கு முன்பே தவணையில் வாங்கிய 20, 21 அங்குல டிவி, அதற்கும் முந்தைய டயனோரா, சாலிடேர் கறுப்பு வெள்ளைப் பெட்டி என்று பரணிலும் மூலையிலும் கிடப்பவற்றில் பல, மின்சாரம் கொடுத்தால் இன்றும் ஒளிரக்கூடியவை. அவற்றில் படம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் டிவியின் பழுது அன்று. மொட்டை மாடி ஆன்டெனா வாங்கித் தந்த தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பு, ஒருசில இடங்கள் நீங்கலாக, 2022-க்குள் நாடெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. கேபிளும் டிஜிட்டலுக்கு மாறிவிட்டது. டிஜிட்டல் அலையைப் பிரித்து, பழைய டிவி ஏற்கும் அனலாக் படமாக மாற்றித் தரும் ஒரு செட்டாப் பாக்ஸ் நடுவில் இருந்தால் அந்த டிவி மீண்டும் பயன்படும். நல்ல நிலையில் உள்ள ஒரு டிவியைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நம் கடமை என்றே நான் கருதுகிறேன்.

இதற்கு மிகக் குறைந்த செலவில் அமையும் வழி, அரசு ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ் என்ற செயற்கைக்கோள் டிவிச் சேவை. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய இச்சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. 60 செ.மீ. டிஷ், அதன் முனையில் பொருத்தும், அலையை வாங்கி ஒயருக்கு அனுப்பும் எல்.என்.பி., டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் ஆர்ஜி-6 ஒயர், ஏ.வி. (ஒலி, படம்) துளைகள் உள்ள செட்டாப் பாக்ஸ், மஞ்சள் வெள்ளை சிவப்பு முனைகள் கொண்ட ஏ.வி. ஒயர் ஆகிய அனைத்தும் சேர்ந்து பொதுவாக இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடிந்துவிடும். டிடி தமிழ் (2024 ஜனவரி வரை பொதிகை என்று அறியப்பட்டது), தூர்தர்ஷனின் பிற மொழிச் சேனல்கள், பள்ளி, கல்லூரிப் பாடங்களுக்கான கல்விச் சேனல்கள், இலவசமாக ஒளிபரப்பாகும் தனியார் சேனல்கள் ஆகியவை இதில் கிடைக்கும். சன் டிவி, விஜய் டிவி போன்ற கட்டணச் சேனல்கள் இதில் வாரா; வீட்டில் இருப்பவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டுச் செலவு செய்வது நல்லது.

பழுது பார்க்கத் தொடங்கும்முன் ஒரே ஒரு சோதனையைச் செய்துகொள்ள வேண்டும். செட்டாப் பாக்ஸின் ரிமோட்டில் மெனு பொத்தானை அழுத்துங்கள். மெனு டிவித் திரையில் தோன்றினால் டிவி, ஏ.வி. ஒயர், செட்டாப் பாக்ஸ் மூன்றும் சரியாக உள்ளன. பழுது மாடியிலோ, மாடியிலிருந்து வரும் ஒயரிலோ, பாக்ஸின் அமைப்பிலோ இருக்கிறது. பாக்ஸ் அணையாமல் எரிந்தும் மெனு தோன்றாவிட்டால் பழுது பாக்ஸுக்கும் டிவிக்கும் இடையில் இருக்கிறது. டிஷ்ஷைத் தொடவே வேண்டாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் மாடிக்கு ஏறி, சரியாக இருந்த டிஷ்ஷைத் திருப்பிவிட்டு, ஒரு பழுதை இரண்டாக்கிக்கொள்வதுதான் மிகப் பரவலாக நடக்கிறது. கீழே உள்ள அறிகுறிகளில் முதல் நான்கு மெனு தெரியாத, அல்லது மெனுவே கோளாறாகத் தெரியும் நிலைக்கு உரியவை. மற்றவை மெனு தெளிவாகத் தெரியும் நிலைக்கு உரியவை.

பாதுகாப்பு பற்றி இரண்டு செய்திகள். பிக்சர் டியூப் டிவியின் பின்மூடியைக் கழற்றாதீர்கள். டியூபுக்குச் செல்லும் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் அளவுடையது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளே தங்கியிருக்கும். ஏ.வி. ஒயரைச் செருகும்போதும் எடுக்கும்போதும் டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்குகளையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். இரட்டை முனை பிளக் கொண்ட பல பாக்ஸுகளின் உலோகப் பகுதியைத் தொட்டால் கையில் சுருக்கென்று ஒரு கசிவு தெரியும், அது ஏ.வி. பகுதியைக் கெடுக்கவும் கூடும்.

அறிகுறி: நீலத் திரை அல்லது புள்ளித் திரை மட்டும் தெரிகிறது, மெனு வரவில்லை

டிவி இன்னும் ஆன்டெனாத் துளையையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே பெரும்பாலும் இதன் பொருள். டிவி ரிமோட்டில் ஏ.வி., வீடியோ, அல்லது டிவி/ஏ.வி. என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும். பழைய டிவியின் ரிமோட் தொலைந்திருப்பது வழக்கம். அப்படியானால் டிவியின் முன்பக்கத்தில் உள்ள சேனல் குறைக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டே சென்றால், பல டிவிகளில் 1-க்குக் கீழே, 0 இருக்கும் இடத்தில் ஏ.வி. வந்து நிற்கும். சில டிவிகளில் முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என இரண்டு ஏ.வி. உள்ளீடுகள் இருக்கும், நீங்கள் செருகியது எதுவோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்பக்கத்தில் அவுட் என்று எழுதிய துளையும் பக்கத்திலேயே இருக்கும். அதில் செருகினால் எந்தக் காலத்திலும் படம் வராது.

இவை சரியாக இருந்தும் திரை நீலமாகவே இருந்தால் ஒயரைப் பாருங்கள். அண்மைக் காலத்துச் சிறிய பாக்ஸுகள் பலவற்றில் மூன்று துளைகளுக்குப் பதிலாக ஒரே ஒரு 3.5 மி.மீ. துளை இருக்கும், ஒரு முனையில் இயர்போன் பின் போலவும் மறுமுனையில் மூன்று நிறங்களாகவும் பிரியும் ஒயர் அதற்குத் தேவை. இந்த ஒயர்களில் உள் இணைப்பின் வரிசை எல்லாத் தயாரிப்புகளிலும் ஒன்றாக இல்லை. கேமராவுடன் வந்த ஒயரைப் பாக்ஸில் போட்டால், மஞ்சள் முனையில் வரவேண்டிய படம் சிவப்பு முனையில் வரலாம். டிவியின் மஞ்சள் துளையில் சிவப்பு முனையையும், பிறகு வெள்ளை முனையையும் மாற்றிச் செருகிப் பாருங்கள். ஏதோ ஒன்றில் படம் வந்துவிட்டால் அதையே நிலையாக வைத்துக்கொள்ளலாம். எதிலும் படம் வராமல், ஒலிபெருக்கியில் ஓர் உறுமல் மட்டும் கேட்டால், அந்த ஒயரின் தரை இணைப்பே வேறு இடத்தில் இருக்கிறது. ஒயரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

பாக்ஸில் எச்.டி.எம்.ஐ. மட்டுமே இருந்தால் எச்.டி.எம்.ஐ.-யிலிருந்து ஏ.வி.-க்கு மாற்றும் சிறு பெட்டி ஒன்று வேண்டும். கடையில் அதே உருவத்தில் எதிர்த்திசைக்கானதும், அதாவது ஏ.வி.-யை எச்.டி.எம்.ஐ.-யாக மாற்றுவதும், பக்கத்திலேயே தொங்கும். இன்புட் எந்தப் பக்கம் என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இந்தச் சிறு பெட்டிக்கு 5 வோல்ட் மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு: சில பாக்ஸுகளில் எச்.டி.எம்.ஐ. தெளிவை 1080-க்கு உயர்த்தி வைத்தால் ஏ.வி. துளைகள் அடங்கிவிடும். வேறு எச்.டி.எம்.ஐ. டிவியில் ஒருமுறை இணைத்து, வெளியீட்டை 576 வரிகளுக்கு மாற்றிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தால் ஏ.வி. உயிர்பெறும்.

அறிகுறி: டிவியில் ஏ.வி. துளையே இல்லை

பழைய கறுப்பு வெள்ளை டிவிகளிலும் தொடக்க கால வண்ண டிவிகளிலும் ஆன்டெனாத் துளை மட்டுமே இருக்கும். பாக்ஸின் படத்தை ஆன்டெனா அலையாக மாற்றும் ஆர்.எஃப். மாடுலேட்டர் என்ற சிறு கருவி இங்கே தேவைப்படும். வாங்கும்முன் வீட்டைத் தேடுங்கள்: பழைய வி.சி.ஆர். ஒன்று கிடந்தால், கேசட் ஓடாவிட்டாலும், அதன் ஏ.வி. உள்ளீட்டில் பாக்ஸை இணைத்து, அதன் ஆர்.எஃப். வெளியீட்டை டிவியின் ஆன்டெனாத் துளைக்குக் கொடுத்தால் அதுவே மாடுலேட்டராக வேலை செய்யும். பிறகு டிவியில் சேனல் தேடும் பொத்தானை அழுத்தி, படம் தெளியும் இடத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

மாடுலேட்டர் எந்த அலைவரிசையில் படத்தை வெளியிடுகிறது என்பது இங்கே முக்கியம். வி.எச்.எஃப். என்ற தாழ்ந்த அலைவரிசையை மட்டுமே வாங்கும் பழைய டிவியில், யு.எச்.எஃப். என்ற உயர்ந்த அலைவரிசையில் வெளியிடும் மாடுலேட்டரைப் பொருத்தினால் எவ்வளவு தேடினாலும் எதுவும் அகப்படாது. அத்தகைய டிவிக்கு 3 அல்லது 4-ஆம் சேனலில் வெளியிடும் மாடுலேட்டர் வேண்டும். ஆன்டெனாவுக்கு இரண்டு திருகாணிகளும் தட்டை ஒயரும் கொண்ட டிவியானால், 75 ஓம் வட்ட ஒயரை 300 ஓம் தட்டை இணைப்பாக மாற்றும் பாலன் என்ற சிறு துண்டும் வேண்டும். அக்காலத்து ஆன்டெனாவிலேயே அது பொருத்தப்பட்டிருக்கலாம், கழற்றிப் பயன்படுத்தலாம்.

மாடுலேட்டர் வழியே படம் தெளிவாக வந்து, ஒலிக்குப் பதில் இரைச்சல் மட்டும் கேட்டால், அது வேறு நாட்டு முறைக்குச் செய்யப்பட்டது. இந்தியாவின் அனலாக் முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடையே 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி உண்டு. அமெரிக்க முறையில் அது 4.5, பிரிட்டிஷ் முறையில் 6. மாடுலேட்டரில் பி/ஜி என்று குறித்த அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். அந்த அமைப்பு இல்லாவிட்டால், ஒலியைப் பாக்ஸின் வெள்ளை முனையிலிருந்து தனியாக ஒரு கணினி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடலாம்.

அறிகுறி: மெனு கறுப்பு வெள்ளையாக வருகிறது, அல்லது படம் மேலும் கீழும் உருள்கிறது

வண்ண டிவியில் இப்படி வந்தால், பாக்ஸ் என்.டி.எஸ்.சி. என்ற அமெரிக்க வண்ண முறையில் படத்தை வெளியிடுகிறது, டிவியோ இந்தியாவின் பி.ஏ.எல். முறையை மட்டும் அறிந்தது. முதலாவது நொடிக்கு 60 முறை திரையை வரைவது, இரண்டாவது 50 முறை. அதனால்தான் நிறம் போவதோடு படம் உருளவும் செய்கிறது. பாக்ஸின் மெனுவில் டிவி அமைப்பு என்ற பகுதிக்குச் சென்று பி.ஏ.எல். என்று மாற்ற வேண்டும். உருளும் மெனுவில் எழுத்துகளைப் படிக்க இயலாவிட்டால், ரிமோட்டிலேயே பி/என் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவான பாக்ஸுகள் பலவற்றில் அது உண்டு. எச்.டி.எம்.ஐ. மாற்றும் பெட்டியில் பக்கவாட்டில் ஒரு சிறு சுவிட்ச் இதற்காகவே இருக்கும். மஞ்சள் முனை துளையில் முழுமையாக உட்காராமல் இருந்தாலும் நிறம் போய்ப் போய் வரும். அதையும் அழுத்திப் பாருங்கள்.

அறிகுறி: பாக்ஸ் அணைந்து அணைந்து மீண்டும் எரிகிறது

பாக்ஸின் பின்னால் உள்ள டிஷ் ஒயரைத் திருகிக் கழற்றிவிட்டு மறுபடி இயக்குங்கள். இப்போது நிலையாக நின்றால், மாடியிலிருந்து வரும் ஒயரிலோ எல்.என்.பி.-யிலோ குறுக்கிணைப்பு ஏற்பட்டிருக்கிறது. ஒயர் முனையில் உள்ள எஃப் கனெக்டர் என்ற திருகு முனையைக் கழற்றி, வெளிப் பின்னலின் ஓர் இழை நடுச் செம்புக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஓர் இழையே போதும். ஒயரைக் கழற்றிய பிறகும் அணைந்து எரிந்தால் பாக்ஸுக்கு மின்சாரம் தரும் அடாப்டர் வலுவிழந்துவிட்டது. அதே வோல்ட், அதே ஆம்பியர் அல்லது அதற்கு மேற்பட்ட ஆம்பியர் கொண்ட வேறொன்றை, முனையின் நேர் எதிர் குறிகளை ஒப்பிட்டுப் பார்த்து மாற்றுங்கள்.

அறிகுறி: மெனு தெளிவாக உள்ளது, ஆனால் சிக்னல் இல்லை என்று வருகிறது

பெரும்பாலானோர் சோர்ந்துபோகும் இடம் இது. பொறுமையாகச் செய்தால் தொழில்நுட்பர் உதவி இல்லாமலே இதைத் தீர்க்கலாம்.

பாக்ஸின் மெனுவில் ஸ்ட்ரெங்த் என்றும் குவாலிட்டி என்றும் இரண்டு கோடுகள் தெரியும் பக்கத்துக்குச் செல்லுங்கள். ஸ்ட்ரெங்த் கோடு உயர்ந்திருப்பதைப் பார்த்து மகிழ வேண்டாம், எல்.என்.பி.-க்கு மின்சாரம் சென்றாலே, டிஷ் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும், அந்தக் கோடு ஓரளவு எழும். சரியான செயற்கைக்கோளிலிருந்து சரியான அலை வந்தால் மட்டுமே குவாலிட்டி கோடு எழும். இரண்டுமே பூஜ்யமானால் ஒயர் அறுந்திருக்கிறது, கனெக்டர் சரியில்லை, எல்.என்.பி.-க்கு மின்சாரம் தரும் அமைப்பு அணைந்திருக்கிறது, அல்லது எல்.என்.பி. கெட்டுவிட்டது. ஸ்ட்ரெங்த் மட்டும் இருந்து குவாலிட்டி பூஜ்யமானால் டிஷ் வேறெங்கோ பார்க்கிறது, அல்லது பாக்ஸின் எண்கள் தவறு.

எண்களை முதலில் சரிபாருங்கள். அதற்கு மாடி ஏற வேண்டியதில்லை. எல்.என்.பி. வகை யூனிவர்சல், 9750/10600 என்று இருக்க வேண்டும். சோதனைக்கு 11090, வெர்ட்டிகல், சிம்பல் ரேட் 29500 என்ற எண்களைக் கொடுங்கள். 22 கிலோஹெர்ட்ஸ் அணைந்தும், எல்.என்.பி. மின்சாரம் இயங்கியும், பல டிஷ்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் டைசெக் என்ற அமைப்பு, ஒரே டிஷ் உள்ள வீட்டில், அணைந்தும் இருக்க வேண்டும்.

அடுத்தது திசை. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பார்க்க அது தென்கிழக்கில் இருக்கிறது. வடக்கிலிருந்து வலப்பக்கமாக அளந்தால் சென்னையில் ஏறத்தாழ 134 டிகிரி, கோவையில் 123, மதுரையில் 122, கன்னியாகுமரியில் 116 என்ற திசையில் அதைக் காணலாம். செல்பேசியின் திசைகாட்டி இதற்குப் போதுமானது, ஆனால் இரும்புக் கம்பத்திலிருந்து சில அடி தள்ளி நின்று பாருங்கள். தரையிலிருந்து மேல்நோக்கி அளக்கும் ஏற்றக்கோணம் மாநிலம் முழுவதிலும் 67 முதல் 69 டிகிரிக்குள்தான், அதாவது தலைக்கு மேலே நெருங்கிய உயரம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாம் பயன்படுத்தும் சிறிய டிஷ் ஆஃப்செட் வகையைச் சேர்ந்தது. அதன் தட்டு உண்மையில் பார்க்கும் திசை, கண்ணுக்குப் பார்ப்பது போலத் தெரியும் திசையைவிட 22 முதல் 26 டிகிரி வரை உயர்ந்தது. எனவே தட்டின் முகம் தரையிலிருந்து ஏறத்தாழ 45 டிகிரியில் வானத்தை நோக்கினால் போதும், அலை 68 டிகிரி உயரத்திலிருந்து வந்து எல்.என்.பி.-யில் குவியும். தட்டையே 68 டிகிரிக்கு நிமிர்த்தி வைத்தவர்களுக்கு எந்தப் பக்கம் திருப்பினாலும் எதுவும் கிடைக்காது. தாங்கியில் அச்சிட்ட அளவுகோல் இருந்தால் அதில் 68 என்றே வையுங்கள். அந்த அளவுகோல் பொதுவாக இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்தே அச்சிடப்பட்டிருக்கும்.

கம்பம் செங்குத்தாக நிற்கிறதா என்று ரசமட்டமோ தூக்குக் குண்டோ வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷைத் திருப்பத் திருப்ப ஏற்றக்கோணமும் மாறிக்கொண்டே போகும், தேடல் முடியாது. பிறகு ஒருவர் டிவி முன்னும் ஒருவர் டிஷ் அருகிலும் நின்று செல்பேசியில் பேசியபடி தேடுங்கள். ஏற்றக்கோணத்தை இறுக்கிவிட்டு, தட்டை இடமிருந்து வலமாக விரல் அகலத்துக்கும் குறைவாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வுக்கும் மூன்று நான்கு நொடி நிறுத்துங்கள். டிஜிட்டல் பாக்ஸ் அலையை அடையாளம் காணச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறது. வேகமாகத் திருப்பினால் சரியான இடத்தைக் கடந்துபோவதை அது காட்டாது. ஒரு முழு வீச்சில் கிடைக்காவிட்டால் ஏற்றக்கோணத்தை ஒரு டிகிரி மாற்றி மறுபடி தொடங்குங்கள். குவாலிட்டி எழுந்ததும் அந்த இடத்தைப் பென்சிலால் கம்பத்தில் குறித்துவிட்டு, இரு பக்கமும் சிறிது நகர்த்தி உச்சத்தைக் கண்டுபிடியுங்கள்.

கடைசியாக எல்.என்.பி.-யை அதன் பிடிக்குள்ளேயே மெல்லச் சுழற்ற வேண்டும். செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாமல் தென்கிழக்கில் இருப்பதால், அங்கே செங்குத்தாகப் புறப்படும் அலை நம் இடத்தில் கணிசமாகச் சாய்ந்தே வந்து சேர்கிறது. எல்.என்.பி.-யை நேராகப் பொருத்தி அத்துடன் விட்டுவிட்டால், திசை சரியாக இருந்தும் குவாலிட்டி பாதிதான் வரும், அல்லது வராமலே போகும். இரு பக்கமும் திருப்பிப் பார்த்து, எங்கே அதிகமோ அங்கே இறுக்குங்கள்.

மாடியில் பழைய சன் டைரக்ட் டிஷ் கிடந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். அந்நிறுவனத்தின் சேனல்கள் 91.5, 93.5 டிகிரிகளில் உள்ள செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன; ஆகவே அந்த டிஷ் ஏற்கெனவே சரியான இடத்தையோ அதன் பக்கத்தையோ பார்த்துக்கொண்டிருக்கும். முதலில் எதையும் அசைக்காமல் பாக்ஸை இணைத்துப் பாருங்கள். குவாலிட்டி இல்லையானால், சென்னைப் பகுதியில் கிழக்கு நோக்கி ஏறத்தாழ ஐந்து டிகிரி திருப்பி, ஏற்றக்கோணத்தை ஒன்றரை டிகிரி தாழ்த்தினால் போதும். டாடா பிளேயின் டிஷ் 83 டிகிரியையும், ஏர்டெல்லின் டிஷ் 108 டிகிரியையும் பார்ப்பவை. அவற்றின் தட்டும் ஒயரும் பயன்படும், திசையை மட்டும் முழுதாக மாற்ற வேண்டும். எல்.என்.பி.-யின் மேல் 9750/10600 என்று எழுதியிருக்கிறதா என்பதை இவை எல்லாவற்றிலும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்நிறுவனங்களின் செட்டாப் பாக்ஸுகள் பூட்டப்பட்டவை. அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

மரமோ பக்கத்து வீடோ மறைக்கிறது என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. 68 டிகிரி உயரத்தில் அலை வருவதால், டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த தென்னையும் நான்கு மீட்டருக்கு அப்பால் நின்றால் தடையாகாது.

அறிகுறி: குவாலிட்டி நன்றாக உள்ளது, சேனல்களும் பதிவாகின்றன, ஆனால் எல்லாமே பூட்டியிருக்கின்றன

டிஷ் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்துவிட்டது. 95 டிகிரியில் டிஷ் டிவியும், 91.5 டிகிரியில் சன் டைரக்டும் மிக நெருக்கத்தில் உள்ளன. பதிவான சேனல்களின் பெயர்களைப் பாருங்கள். தூர்தர்ஷன் சேனல் ஒன்றுகூடத் திறக்காமல் கட்டணச் சேனல்களின் பெயர்களாகவே இருந்தால், எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மேலே சொன்ன 11090 எண்களில் குவாலிட்டி எழும்படி டிஷ்ஷை மிகச் சிறிது நகர்த்தி மறுபடி தேட வேண்டும்.

அறிகுறி: சில சேனல்கள் மட்டும் இல்லை, அல்லது நேற்று வந்தது இன்று இல்லை

தனியார் சேனல்கள் இச்சேவையில் ஏல முறையில் இடம் பெறுகின்றன; ஒதுக்கீடு பொதுவாக ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே ஏப்ரல் தொடக்கத்தில் சேனல்கள் மறைவதும் புதியவை வருவதும் இயல்பு. மெனுவில் ஆட்டோ ஸ்கேன் ஒருமுறை செய்தால் பட்டியல் புதுப்பிக்கப்படும். ஒலி மட்டும் கேட்டுத் திரை கறுப்பாக இருந்தாலோ, பிறர் வீட்டில் வரும் சேனல் உங்கள் பட்டியலில் சேரவே மறுத்தாலோ, உங்களுடையது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகளில் எம்பெக்-2 மட்டும் அறிந்த பழைய பாக்ஸ். சில சேனல்கள் எம்பெக்-4 முறையில் வருகின்றன, அவற்றுக்குப் புதிய பாக்ஸ் வேண்டும்.

அறிகுறி: ஒலியில் குறை, அல்லது ஓரங்கள் வெட்டுப்படுகின்றன

ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட டிவியில் மஞ்சள், வெள்ளை என இரண்டு துளைகளே இருக்கும். சிவப்பு முனை வெளியே தொங்குவதால் சில நிகழ்ச்சிகளில் இசை கேட்டும் குரல் மங்கியும் போகலாம்; பாக்ஸின் ஒலி அமைப்பில் மோனோ என்று மாற்றினால் தீர்ந்துவிடும். முகங்கள் ஒடுங்கி நீண்டு தெரிந்தால் திரை விகிதத்தை 4:3 என்று வைத்து, லெட்டர்பாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், ஆனால் செய்தியின் அடிவரி வெட்டுப்படாது. 14 அங்குலத் திரையில் இதுவே நல்லது என்பது என் எண்ணம்.

அறிகுறி: படம் கட்டம் கட்டமாக உடைகிறது, நின்று நின்று வருகிறது

கனமழையின்போது மட்டும் என்றால் அது பழுது அன்று. இந்த அலைவரிசையின் அலைகளை மழைநீர் விழுங்கிவிடும். மேகம் கலைந்ததும் படம் திரும்பும். ஆனால் லேசான தூறலுக்கே படம் போனால் டிஷ் உச்சத்தில் நிற்கவில்லை. தெளிந்த வானத்தில் குவாலிட்டியை எவ்வளவு உயர்த்தி வைக்கிறோமோ அவ்வளவுக்கு மழையைத் தாங்கும். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாரத்திலும் சில நாள்கள் காலை 11 மணி அளவில் சில நிமிடங்கள் படம் மறையும். அந்நேரத்தில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து, தன் இரைச்சலால் அலையை மூழ்கடிக்கிறது. இதற்கு எதுவும் செய்ய வேண்டாம். அதே நேரத்தில் மாடியில் டிஷ் முழு வெயிலில் இருக்கிறதா, நிழல் விழுகிறதா என்று பாருங்கள். நிழல் விழுந்தால் அந்த நிழலைத் தரும் பொருளே உங்கள் அலையையும் மறைக்கிறது.

காற்றடித்தால் மட்டும் உடைகிறதென்றால் தாங்கியின் திருகுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது கம்பமே அசைகிறது. பகலில் நன்றாக வந்து இரவுப் பனிக்குப் பிறகு காலையில் உடைந்தால், அல்லது மழை பெய்து ஓய்ந்து பல மணி நேரமாகியும் தெளியாவிட்டால், எல்.என்.பி. முனையில் உள்ள கனெக்டருக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. பாக்ஸின் பிளக்கை எடுத்துவிட்டுக் கனெக்டரைக் கழற்றுங்கள். நடுச் செம்புக் கம்பி பச்சை படிந்தோ கறுத்தோ இருந்தால் அந்த முனையை ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போட வேண்டும். ஒயரின் வெளிப் பின்னலும் உள்ளே வரை கறுத்திருந்தால் ஒயரையே மாற்ற வேண்டும். மாட்டிய பிறகு கனெக்டரைக் கீழிருந்து மேலாக இன்சுலேஷன் டேப்பால் சுற்றுங்கள். அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மீது படிந்து நீர் உள்ளே இறங்காமல் வழியும். ஒயரை எல்.என்.பி.-க்குக் கீழே ஒரு சிறு வளைவாகத் தொங்கவிட்டு, அதன் பிறகு கம்பத்தோடு கட்டுங்கள். வழிந்து வரும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வீட்டுக்குள் பாக்ஸ் வரை ஒயரோடு இறங்கி வராது.